ஆனைச்சாத்தனும் ஆனறாஞ்சியும்

திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் என்றொரு பறவை வருகிறது. விடிவதற்கு முன்பே அவை கூடிப் பேசும் சத்தம் உன் காதில் விழவில்லையா என்று கேட்டுத்தான் ஆண்டாள் தோழியை எழுப்புகிறாள். வலியன் என்கிற கரிச்சான்தான் அது என்று உரைகாரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இரட்டைவால் குருவி என்றால் இன்னும் நிறையப் பேருக்குத் தெரியும். மார்கழி தவறாமல் இந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்கிறது. ஆனால் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கறுப்புப் பறவையைக் காட்டி ‘அதோ ஆனைச்சாத்தன்’ என்று சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரில் அந்த ஆனை இன்னும் உயிரோடு இருக்கிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், பொள்ளாச்சி எல்லையை ஒட்டியது கொழிஞ்சாம்பாறை. இங்கே தமிழர் வீட்டில் அந்தப் பறவை கரிச்சான். மலையாளி வீட்டில் ஆனறாஞ்சி. றாஞ்சுவது என்றால் பாய்ந்து கவ்விக்கொண்டு போவது. வாலையும் சேர்த்தால்தான் ஓர் அடி தேறும் பறவைக்கு, யானையையே தூக்கிக்கொண்டு போகிறவன் என்று பெயர்! கேட்டால் சிரிப்பு வரும். தன் கூட்டுப் பக்கம் வந்த பருந்தின் முதுகில் ஏறிக் கொத்தி, ஊர் எல்லை வரை அது விரட்டிப் போவதை ஒரு தடவை பார்த்தவருக்குச் சிரிப்பு வராது. அதன் பாதுகாப்பை நம்பி, அது கூடு கட்டிய மரத்திலேயே புறாவும் மாங்குயிலும் கூடு வைப்பதுண்டு. இந்திக்காரர்கள் அதைக் கொத்வால், அதாவது காவல் அதிகாரி, என்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் ‘கிங் க்ரோ’ என்றார்கள். நம் வலியனும் அதைத்தான் சொல்கிறது. ஆளுக்கொரு மொழியில் பார்த்தாலும் எல்லோர் கண்ணிலும் பட்டது அதன் தைரியம்தான். ஆண்டாளின் ஆனையும் கேரளத்து ஆனையும் ஒரே ஆனைதானா என்பதை மொழியறிஞர்கள் முடிவு செய்யட்டும். பாட்டில் மட்டும் மிஞ்சியதாக நாம் நினைக்கும் பெயருக்கு ஓர் உறவு எல்லைக்கு இந்தப் பக்கம் பேச்சில் இருக்கிறது என்பது எனக்குப் போதும்.

நான் பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவன். பறவை ஆராய்ச்சிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதிகாலை ஐந்து மணிக்குக் கேன்களோடு வரிசையில் நிற்கும் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் பேசுவது தினமும் என் காதில் விழுகிறது. ‘கரிச்சான் கத்தி எத்தன நேரமாச்சு, இன்னுமா கறக்கறே?’ என்று ஒரு பெரியம்மா மருமகளைத் திட்டிக்கொண்டே வருவார். அவர் கைக்கடிகாரம் கட்டினதில்லை. சொசைட்டிக்குப் பின்னால் கட்டியிருக்கும் எருமையின் முதுகில் விடிந்ததும் ஒரு கரிச்சான் வந்து உட்காரும். எருமை நகர்ந்தால் புல்லிலிருந்து பூச்சி கிளம்பும். கரிச்சான் ஒரு வீச்சில் அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப அதே இடத்துக்கு வரும். எருமை காதை மட்டும் ஆட்டும். லாரி ஓட்டுநர் மலையாளி. ‘ஆனறாஞ்சி டிக்கெட் எடுக்காம யாத்ர போகுது’ என்பார். இரண்டு பெயரும் ஒரே பறவையின் மேல் ஒரே நிமிடத்தில் விழுகிற இடம் இது.

இந்த இடத்திலிருந்து ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஊர்க்காரர்கள் பறவைக்கு வைத்த பெயர் என்பது அந்தப் பறவையோடு பல தலைமுறை வாழ்ந்தவர்கள் வைத்த குறிப்பு. அது எங்கே இருக்கும், எப்போது கத்தும், என்ன செய்யும், அதைக் கேட்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் உண்டு. பறவைகளுக்குப் பொதுப்பெயர் வகுக்கும் புதிய பட்டியல்கள் வரட்டும்; வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய பெயர்களை எழுதி வைக்காமல் பட்டியலை மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால், பெயரோடு அந்த அறிவும் போய்விடும்.

பனங்காடையை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு. இறக்கையை விரித்தால் நீலம் கண்ணைப் பறிக்கும். தமிழில் பனங்காடை, மலையாளத்தில் பனங்காக்க. நாங்கள் காடை என்றோம், அவர்கள் காக்கை என்றார்கள். உண்மையில் அது காடையுமில்லை, காக்கையுமில்லை. ஆனால் இரண்டு மொழியும் பனையை விடவில்லை. ஏனென்றால் அது பட்டுப்போன பனையின் பொந்தில் முட்டையிடும், மொட்டைப் பனையின் உச்சியில் உட்கார்ந்து ஓணானுக்கும் பூச்சிக்கும் காத்திருக்கும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், கரிசல் மண்ணும் பனையுமாகக் கிடக்கிற பூமி. கேரளம் என்றதும் வெளியூர்க்காரர் நினைக்கிற பச்சை இங்கே குறைவு. ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ படித்தவர்களுக்குப் பாலக்காட்டுப் பனங்காற்று தெரிந்திருக்கும். பனை ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும் சின்னப் பறவைக்குத் தமிழில் பனை உழவாரன், மலையாளத்தில் பனங்கூளன். ஓலை நுனியில் தூக்கணாங்குருவியின் கூடு. ஒரு பனை நின்றால் இத்தனை குடும்பம்.

அந்தப் பனைகளைச் செங்கல் சூளைக்கும் வீட்டு மனைக்கும் வெட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். பனை இல்லாத ஊரில் பனங்காடை என்ற பெயருக்கு என்ன பொருள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்வியிலேயே ஊரின் வரலாறு இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் ‘இந்தியன் ரோலர்’ என்று மட்டும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வியே வராது.

பனங்காடை எங்கள் கல்யாணத்திலும் தலையிடும். கொங்கு வேளாளரில் காடை, ஆந்தை, பனங்காடை, செம்பூத்தான் என்று கூட்டப் பெயர்கள் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் எடுப்பதில்லை. ஆகவே பொருத்தம் பேச வருகிறவர் ஜாதகம் கேட்பதற்கு முன் ‘நீங்க என்ன கூட்டமுங்க?’ என்றுதான் கேட்பார். பையன் பனங்காடை, பெண்ணும் பனங்காடை என்றால் காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆந்தை என்பது பறவையே இல்லை, ஆதனுடைய தந்தை என்பது புணர்ந்து ஆந்தை ஆனது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பிசிராந்தையார் பெயருக்கும் அப்படித்தான் பொருள் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்து அப்பாரிடம் இதைச் சொன்னேன். ‘அதெல்லாம் புஸ்தகத்துல இருக்கட்டும் கண்ணு, நாங்க ஆந்தையக் கல்லெடுத்து அடிக்கமாட்டோம், அவ்வளவுதான்’ என்றார். சொல்லின் வேர் எதுவானாலும், அந்தப் பெயரால் ஒரு பறவைக்கு ஒரு குடும்பத்தின் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது.

இன்னொரு வகைப் பெயர்கள் காதால் வைத்தவை. ஆள்காட்டியை எங்கள் பக்கம் ஆக்காட்டி என்பார்கள். என் அம்மாயி எருத்தேன்பதிப் பக்கம் கடலக்காய் விளையும் காட்டில் சாளை போட்டுக் காவல் இருந்தவர். இருட்டில் ஆக்காட்டி கத்தினால் எழுந்து டார்ச்சை அடிப்பார். பன்றியா, ஆளா என்பது கத்தல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில் தெரிந்துவிடும் என்பார். வெறுந்தரையில், கூழாங்கல்லோடு கல்லாக முட்டையிடும் பறவை அது. ஒளிக்கக் கூடு இல்லாததால் சத்தம் போட்டே காக்க வேண்டிய பிழைப்பு. பெயரில் அந்தப் பிழைப்பு முழுவதும் இருக்கிறது.

சித்திரை பிறக்கும் நேரத்தில் இங்கே ஒரு குயிலினம் நான்கு சுரமாகக் கூவும். மலையாளிகள் அதை விஷுப்பட்சி என்கிறார்கள். அது ‘வித்தும் கைக்கோட்டும்’ என்று கூவுவதாக அவர்கள் காதுக்குக் கேட்கிறது. விதையும் மண்வெட்டியும் எடு என்று பொருள். முதல் மழைக்கு முன் நிலத்தைத் தயார் செய் என்று பறவையே வந்து சொல்கிறது. அதே கூவல் சிலருக்கு ‘சக்கைக்கு உப்புண்டோ’ என்று கேட்கும், பலாக்காய்க் காலமல்லவா! வங்காளத்தில் அதே பறவை ‘பௌ கொதா கௌ’, பெண்ணே பேசு, என்று கெஞ்சுகிறது. அதன் உறவான அக்காக்குயில் நம் காதுக்கு அக்காவைக் கூப்பிடுகிறது. மராத்தியருக்கு ‘பாவுஸ் ஆலா’, மழை வந்தது, என்கிறது. வங்காளிக்கு ‘சோக் கேலோ’, கண் போச்சே, என்று அழுகிறது. கோடையில் தூக்கம் கெட்ட வெள்ளைக்காரர் அதற்கு மூளைக்காய்ச்சல் பறவை என்று பெயர் வைத்தார். பறவை ஒன்றுதான் சொல்கிறது. யாருக்கு என்ன கவலையோ அது கேட்கிறது.

ஊர்ச் சிட்டுக்குருவியையும் பாருங்கள். தமிழில் அதற்கு அடைக்கலாங்குருவி என்றொரு பெயர் உண்டு: நம் வீட்டு இறவாணத்தில் அடைக்கலம் புகுந்தது, அதனால் விரட்டக் கூடாது. மலையாளத்தில் அங்ஙாடிக்குருவி: கடைவீதியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே பிழைப்பது. கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் இரண்டு பெயருக்கும் சாட்சி கிடைக்கும்.

பட்டியல் போடுகிறவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒரு பறவைக்கு ஊருக்கொரு பெயர். ஒரே பெயருக்கு ஊருக்கொரு பறவை. வண்ணாத்திக்குருவி என்றால் ஓரிடத்தில் குண்டுகரிச்சான், இன்னோரிடத்தில் வாலாட்டி. கணக்கெடுப்புக்கு இது ஆகாது. மஞ்சள் மூக்கு ஆள்காட்டியையும் சிவப்பு மூக்கு ஆள்காட்டியையும் பிரித்துச் சொல்லத்தான் வேண்டும். சங்க இலக்கியப் பறவைகளைப் பற்றி பி.எல். சாமியும், தமிழில் பறவைப் பெயர்களைத் தொகுத்த பேராசிரியர் க. ரத்னமும் செய்த வேலை இல்லையென்றால் நமக்கு இந்த அளவு சொல்வளம்கூட ஒரே இடத்தில் கிடைத்திருக்காது. ஆனால் அவர்கள் தேடிச் சேர்த்தார்கள். இன்று நடப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் புருவம் வெள்ளை என்றால் வெண்புருவம், மீசை சிவப்பு என்றால் செம்மீசை. கண்ணாடி வழியே பார்த்து அடையாளம் சொல்ல இது உதவும். வயலில் குனிந்து களை எடுக்கிறவருக்குக் காதில் விழுகிற குரலும், இருக்கிற இடமும்தான் அடையாளம். அவருடைய பெயர்கள் அங்கிருந்துதான் வந்தன.

இதை அழகாகச் செய்து காட்டியவர் எங்கள் மாவட்டத்துக்காரர். காவசேரியில் 1923இல் பிறந்த கே.கே. நீலகண்டன், இந்துசூடன் என்ற பெயரில் 1958இல் ‘கேரளத்திலே பட்சிகள்’ எழுதினார். மக்களிடம் வழங்கிய பெயர்களை மதித்து எடுத்தார். பூத்தாங்கீரி, இரட்டைத்தலச்சி, காக்கத்தம்புராட்டி என்று அந்தப் பெயர்களைக் கேட்டாலே பறவை கண்முன் வரும். இன்று கேரளத்துப் பறவை ஆர்வலர்கள் மலையாளப் பெயரைத் தயங்காமல் சொல்கிறார்கள் என்றால் அதில் அவர் பங்கு பெரிது. 1992இல் அவர் மறைந்தார். அவர் நினைவாகத்தான் இந்த மாவட்டத்துச் சூலன்னூரில் மயில் சரணாலயம் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே மயிலாடும்பாறை என்று பெயர். பனங்காடைக்கு வடநாட்டில் நீல்கண்ட் என்று பெயர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். நீலகண்டன் இதை அறியாமலா இருந்திருப்பார்!

தமிழிலும் மா. கிருஷ்ணன் (1912–1996) இருந்தார். மாதவையாவின் மகன். பறவையையும் விலங்கையும் தமிழில் எப்படி எழுத வேண்டும் என்று காட்டியவர். தியடோர் பாஸ்கரன் அந்த வழியைத் தொடர்ந்தார். ஆனால் எங்களைப் போன்ற எல்லைத் தமிழர் பேச்சில் இருக்கிற பெயர்களை இருந்து கேட்டு எழுதியவர் குறைவு. சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. சுற்றியிருந்த பாலக்காடு சென்னை மாகாணத்தில். 1956இல் எல்லாம் கேரளமானது. சலீம் அலி 1933இல் திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் பறவைக் கணக்கெடுத்தபோது எங்களுக்கு மேலே இருக்கும் பரம்பிக்குளம் மலை வரை வந்தார். மலைக்கும் ஆற்றுக்கும் கணக்கு எடுத்தாயிற்று. ஆழியாற்றுத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்பதற்கு இரண்டு மாநிலங்களுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. கரிச்சானும் ஆனறாஞ்சியும் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஆந்திரத்திலிருந்து ஒரு பதில் இருக்கிறது. டி.சி. ஜெர்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் சுற்றிப் பறவைகளைப் பற்றி எழுதினார். தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் பெயர் பெற்ற ஒரு பறவை, ஜெர்டன் கோர்சர், 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை; அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் கடப்பைப் பக்கம் ஊர் ஊராகப் படத்தைக் காட்டி விசாரித்தார். அங்கிருந்தவர்களுக்கு அது தெரிந்த பறவைதான். கலிவி கோடி என்றார்கள். களாச் செடிப் புதரில் வாழும் கோழி. 1986 ஜனவரியில் அய்த்தன்னா என்ற பறவை பிடிப்பவர் இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். ஆராய்ச்சி உலகம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தொலைத்திருந்த பறவைக்கு, அந்த ஊரில் முகவரியோடு பெயர் இருந்தது. தெலுங்கில் சிறு பறவைக்கு வழங்கும் பொதுச்சொல்லான ‘பிட்ட’ இன்று உலகம் முழுவதும் ஒரு பறவை இனத்துக்கே அறிவியல் பெயர். நம் ஆறுமணிக் குருவி அந்த இனம்தான். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் நாம் வைத்த பெயர் ஆறுமணிக் குருவி.

அதற்காகப் பழைய பெயர் எல்லாம் பொன் என்று நான் சொல்லமாட்டேன். சில பெயர்களில் நம் ஊரின் அழுக்கும் ஒட்டியிருக்கிறது.

வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடலுமாக இருக்கும் செம்பருந்து, ஆங்கிலத்தில் ‘பிராமணி கைட்’. ஊருக்குள் குப்பைமேட்டில் சுற்றும் கரும்பருந்து ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘பறையா கைட்’. ஒரு சாதியின் பெயரை வெள்ளைக்காரன் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய் இழிசொல்லாக்கி, அதைத் திரும்ப ஒரு பருந்தின் தலையில் கட்டினான். வெளுத்த நிறம் உயர்ந்த சாதி, கறுப்பு தாழ்ந்த சாதி. பறவைகளின் நடத்தையைப் பார்த்தால் இந்தப் பாகுபாடு நிற்காது: செம்பருந்தும் துறைமுகத்தில் செத்த மீன் பொறுக்குவதுதான். தமிழில் கருடன், மலையாளத்தில் கிருஷ்ணப்பருந்து என்று அதைக் கும்பிடுகிறோம். கும்பாபிஷேகத்தன்று கலசத்தில் நீர் ஊற்றும் நேரத்தில் கூட்டம் முழுவதும் அண்ணாந்து அதைத்தான் தேடும். கரும்பருந்து வந்தால் யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் இப்போது அதன் பெயரை ‘பிளாக் கைட்’ என்று மாற்றிவிட்டார்கள். பிராமணி மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் மொழியும் யோக்கியமில்லை. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும் குண்டுகரிச்சானுக்குத் தமிழில் வண்ணாத்திக்குருவி, மலையாளத்தில் மண்ணாத்திப்புள்ளு. இரண்டும் துணி வெளுக்கும் பெண்ணைக் குறிப்பவை. அழகாகத்தானே இருக்கிறது, தொழிலைத்தானே சொல்கிறது என்று வாதாடுகிறவர்கள் உண்டு. அப்படி வாதாடுகிறவரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அமெரிக்காவில் 2020இல் ஒரு சிறு பறவைக்கு இருந்த மக்கவுன் என்ற பெயரை நீக்கினார்கள். அவர் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் தளபதி. 2023 நவம்பரில் அமெரிக்கப் பறவையியல் கழகம், தன் பொறுப்பிலுள்ள பறவைகளில் ஆட்களின் பெயர் தாங்கிய ஆங்கிலப் பெயர்களை எல்லாம் மாற்றப்போவதாக அறிவித்தது. அங்கே அதற்குப் பெரிய வாக்குவாதம் நடந்தது. இங்கே நாம் பேச்சையே தொடங்கவில்லை.

சாவோடு கட்டிய பெயர்கள் இன்னொரு வகை. கூகையைச் சாக்குருவி என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேர் கல்லெறிந்திருக்கிறோம். அதே பறவை மலையாளத்தில் வெள்ளிமூங்ங. அதை வைத்திருந்தால் பணம் கொட்டும் என்று நம்பிக் கள்ளத்தனமாகப் பிடித்து விற்கிறார்கள். எல்லைக்கு ஒரு பக்கம் எமன், மறுபக்கம் குபேரன். இரண்டாலும் சாவது கூகை. இன்னொரு ஆந்தைக்கு மலையாளத்தில் காலன்கோழி என்றே பெயர். வயலில் எலி பிடிப்பதற்குக் கூகையைவிட நல்ல ஆள் இல்லை. திருவள்ளுவர் பகலில் காக்கையிடம் தோற்கும் கூகையைக் காட்டிக் காலம் அறிதலைச் சொன்னார். சோ. தர்மன் 2005இல் தலித் மக்கள் வாழ்வைச் சொன்ன நாவலுக்குக் ‘கூகை’ என்றே பெயர் வைத்தார். வலிமை இருந்தும் பகலில் எல்லோராலும் துரத்தப்படுகிற பறவை. ஒரு பெயரைத் திருப்பிப் பிடித்தால் அது என்ன பேசும் என்பதற்கு அந்தப் புத்தகம் போதும்.

ஆகவே என் தீர்ப்பு இது. எழுதி வைப்பதில் எதையும் விலக்க வேண்டாம். நல்ல பெயர், கெட்ட பெயர், சிரிப்புப் பெயர் எல்லாம் பதிவாகட்டும். அது வரலாறு. ஆனால் பள்ளிச் சுவரிலும் பாடப்புத்தகத்திலும் எழுதும்போது, மனிதரைப் புண்படுத்தும் பெயரை விட்டுவிட்டு, இருக்கிற வேறு பெயரைப் போடலாம். குண்டுகரிச்சான் என்று சொன்னால் அந்தப் பறவையின் பாட்டு ஒன்றும் குறைந்துவிடாது. பனங்காடை, ஆக்காட்டி, அடைக்கலாங்குருவி போன்றவற்றைப் பட்டியல் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும்; அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். உயிரினங்களோடு அவற்றைப் பற்றிய உள்ளூர் அறிவையும் எழுதுவதற்குத்தான் அந்தப் பதிவேடு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுதிக்கொள்ள இடம் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பஞ்சாயத்துகளின் பதிவேட்டில் பறவைக்கு எதிரே தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று பெயரும் இருக்கலாம். யார் சொன்னது, எந்தப் பருவத்தில் கேட்டது, எந்த மரத்தில் பார்த்தது என்று இரண்டு வரியும் சேர்ந்தால் இன்னும் நல்லது. மூணாறு, மறையூர், குமுளி என்று இடுக்கிப் பக்கத்துத் தமிழ்த் தோட்டங்களுக்கும் இதே உரிமை உண்டு. அங்கே மலைப்பறவைகள், வேறு பெயர்கள்.

தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கையில் இன்று பறவைக் குரலைக் கேட்டதும் பெயர் சொல்கிற மெர்லின் மாதிரியான செயலி இருக்கிறது. நல்லதுதான், அதையும் பயன்படுத்தட்டும். செயலி கரிச்சானை ‘பிளாக் ட்ராங்கோ’ என்று சொன்னதும், அந்தப் பிள்ளையை வீட்டில் மூத்தவரிடம் அனுப்பி அவர்கள் என்ன சொல்வார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பக்கத்து மலையாளி வீட்டிலும் கேட்கச் சொல்லுங்கள். கள் இறக்குகிறவர், ஆடு மேய்க்கிறவர், இரவில் தண்ணீர் கட்டப் போகிறவர், கடலைக்காட்டுக் காவல்காரர் ஆகியோரை முதலில் கேளுங்கள். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். அவர்களுக்குப் பிறகு பனை ஏற ஆள் இல்லை; இரவுக் காவலுக்கு மின்வேலி வந்துவிட்டது.

வாசகர்களும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் ஒரு பறவைக்கு வழங்கும் பெயரை இந்த வாரமே ஒரு நோட்டில் எழுதி, சொன்னவரின் ஊரையும் குறித்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் கொடுத்து அதற்கு ஒப்புகை வாங்குங்கள்.